கேட்க மட்டும்

பகாவ் பாசார் மாலாமில்
பழைய சார்ஜர், ரிமோட் குவியலுக்கு அடியிலிருந்து
ஆ ஹோக் அதை உருவி எடுத்தான்.
எண்பது வெள்ளி என்றான்,
அறுபத்தைந்துக்கு இறங்கினான்.
"இதுல பேச முடியாதுக்கா. கேட்க மட்டும்."
அதைத்தான் இதுவரை செய்ததில்லை என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

கூடவே வந்தவை:
இடுப்பில் மாட்டும் கொக்கி, ஒரு பல் உடைந்தது.
சுருள் ஒயர் வைத்த காதுக்குழாய்,
வலது செத்துவிட்டது, இடது உயிரோடு.
குட்டை ஆண்டெனா ஒன்று.
அதற்குப் பெயர் ரப்பர் வாத்தாம்.
முழுக்கச் செம்பனை நட்டுவிட்ட எங்கள் தோட்டத்துக்கு
ரப்பர் திரும்பி வந்தது இப்படித்தான்,
வாத்தாக.

முதல் வாரம் ஊர் முழுவதும் காதுக்குள் வந்து போனது.
கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்துகிறவர்களின் சண்டை.
ஒரு காவலாளி இன்னொருவனிடம்
நாசி லெமாக், முட்டை இல்லாமல், என்கிறான்.
யார் வீட்டுத் தொட்டிலோ அழுகிறது, யாரும் போகவில்லை.
எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும்,
ஆள் வாய் திறந்த இடத்தில் நிற்கும்.
எட்டாம் நாள் நின்ற இடம் பாமாயில் மில்.
அந்த எண்ணை அரிசி டின் மூடியின்
உள்பக்கம் எழுதிவைத்தேன்.

அங்கே இருந்தார் குணாளன்.
வீட்டில் 'ம்', 'சரி', 'உப்பு' என்று
மூன்று சொல்லில் ஒரு நாளை முடிக்கிற மனிதர்
டேங்கர் ஓட்டும்போது கதை சொல்கிறார்!
ரொம்பின் சாலையில் கிடந்த யானைச் சாணத்தை
ஆறு லோரிக்காரர்களுக்கு விவரிக்கிறார், அளவு சகிதம்.
எடைமேடையில் கக் ரொஸ்னா சிரித்துச் சிரித்து
மைக்கிலிருந்து விரலை எடுக்க மறந்துபோகிறாள்.
மத்தி கழுவிக்கொண்டே
இடது காதால் அந்த ஆளை அறிமுகம் செய்துகொண்டேன்.
பொறாமை இல்லை என்றால் பொய்.
வாலைத் தேவைக்கு அதிகமாகவே நறுக்கினேன்.

ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு உண்டு.
ஏற்றினால் இரைச்சல் வாயை மூடும்,
தூரத்தில் பேசுகிறவர்களும் கூடவே போய்விடுவார்கள்.
இறக்கினால் காதில் மணலைக் கொட்டும்.
மணலுக்குள் யாராவது இருக்கக்கூடும்.

நவம்பர் மழை. பன்னிரண்டு நாற்பது.
"எம்பாட் பெலாஸ், எம்பாட் பெலாஸ்."
கக் ரொஸ்னா மூன்று தடவை கூப்பிட்டாள்.
அவர் வண்டி நம்பர் பதினாலு.
கிள்ளானில் எண்ணெய் இறக்கிவிட்டு
இந்நேரம் புக்கிட் பூத்துஸ் ஏறியிருக்க வேண்டும்.
பூத்துஸ் என்றால் அறுந்தது.
பேர் வைத்தவனுக்கு அலைவரிசை தெரிந்திருக்கிறது.

பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
குளியலறை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன்.
சுருள் ஒயர் நேராகிக் காதை இழுத்தது.
வாத்து நனைந்தது.
திருகை அடிவரை இறக்கினேன்.
மணல்.
மணல்.
பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழையும் அதே சத்தம்,
எது உள்ளே எது வெளியே என்று பிரியவில்லை.

"...பெலாஸ். போக்கோ தும்பாங், கக்."
மரம் விழுந்து பாதை அடைப்பு. விடிந்துவிடும்.
அவ்வளவுதான் என்று நினைத்தபோது
அதே மூச்சில், தமிழில்,
"கேஸ மூடிட்டுப் படு."

"அபா டியா?" என்றாள் கக் ரொஸ்னா.
"தாக் அட அபா, கக்."
ஒன்றுமில்லையாம்.

கை மழைக்குள்ளேயே நின்றது.
எத்தனை நாளாகத் தெரியும்?
அரிசி டின் மூடியா?
கடிகாரத்துக்கு என்று சொல்லி
நாலு நாலாக நான் வாங்கிய பாட்டரிகளா?
வீட்டில் இருப்பது ஒரே கடிகாரம்.
அப்படியானால் அந்த யானைச் சாணம்
யாருக்குச் சொன்ன கதை?

பேசும் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில்
இதில் விளக்குப் பொத்தான்தான்.
அழுத்தினேன்.
திரை மஞ்சளாக ஐந்து விநாடி எரிந்து
தானாக அணைந்தது.

அடுப்படிக்குப் போனேன்.
கேஸ் மூடித்தான் இருந்தது.
திறந்து, மறுபடி மூடினேன்.